பயந்து ஒளிய வேண்டாம், பரிசோதித்துத் தெளிவோம்



சம்பளம், வேலை நாள், வீட்டுக் காணி, சேமலாப நிதி ஆகியவை பற்றியே இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதி வருகிறோம். இம்முறை லயத்துக்குள் யாரும் வாய் திறந்து பேசாத ஒரு விடயத்தை எழுதுகிறோம். சிலர் முகம் சுளிக்கலாம், "சங்கப் பத்திரிகையில் எழுதுகிற காரியமா இது?" என்று கேட்கலாம். தொழிலாளியின் உடம்பு சம்பந்தப்பட்ட எந்தக் காரியமும் சங்கத்தின் காரியந்தான் என்பதே எங்கள் பதில். கொழுந்து எடுப்பதும் அந்த உடம்புதான், கவ்வாத்து வெட்டுவதும் அந்த உடம்புதான்.

தீபாவளிக்கும், தைப்பொங்கலுக்கும், தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கும் எங்கள் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வீடு வருகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும், ஹோட்டல்களிலும், கட்டட வேலைத்தளங்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மற்றவர் வீடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் அவர்கள். நான்கு நாள் நின்றுவிட்டுத் தலவாக்கலையில் ரயிலோ பஸ்ஸோ பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்களில் சிலர் சங்கக் காரியாலயத்துக்கும் வருவார்கள். சேமலாப நிதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, எழுந்து போகாமல் நிற்பார்கள். கூட இருப்பவர்கள் வெளியே போன பிறகு மெல்லக் கேட்பார்கள்: "தலைவரே, ஒரு நாள் ஒரு விசயம் நடந்திருச்சு. எனக்கு எயிட்ஸ் வந்திருக்குமா?"

கேட்பவர் ஒருவர் என்றால், கேட்கத் துணியாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நடந்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அதற்கு வீடு இருக்கிறது, மனச்சாட்சி இருக்கிறது. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நாள் நடந்த உறவை விட, அதை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பதே பெரிய ஆபத்து. ஏனென்றால் இந்த நோய்களில் சிலவற்றை அடியோடு குணப்படுத்தலாம், மற்றவற்றைக் கட்டுப்பாட்டில் வைக்கலாம், ஒன்றை வரும் முன்பே தடுக்கவும் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது உரிய நாளில் கிளினிக்குக்குப் போவது மட்டுமே.

முதல் கணக்கு: 72 மணித்தியாலம்

ஆணுறை இல்லாமலோ, ஆணுறை கிழிந்தோ, முன்பின் தெரியாத ஒருவரோடு உறவு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூட்டை. எச்.ஐ.வி. கிருமி உடம்பில் நிலைகொள்வதைத் தடுக்கும் மாத்திரைகள் உள்ளன. 72 மணித்தியாலத்துக்குள், அதாவது மூன்று நாட்களுக்குள், அவற்றைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதைப் பாலியல் நோய் கிளினிக்கின் டொக்டர் கேட்டறிந்து முடிவு செய்வார். ஆனால் நாலாவது நாள் போய் நின்றால் அவரால் அந்த உதவியைச் செய்ய முடியாது. "திங்கட்கிழமை பார்ப்போம், சம்பள நாள் கழியட்டும்" என்று தள்ளிப்போட முடியாத காரியம் இது.

விருப்பமில்லாமல், பலவந்தமாக நடந்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அப்படி பாதிக்கப்பட்ட பெண்ணோ பிள்ளையோ உடனடியாக அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பொலிஸ் முறைப்பாடு ஒரு பக்கம் நடக்கட்டும், மருந்து காத்திருக்கக் கூடாது. குற்றம் செய்தவர்தான் வெட்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவர் அல்ல.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை. கர்ப்பம் தரிப்பதைத் தடுக்க பார்மசியில் வாங்கும் அவசர மாத்திரையையும் மூன்று நாட்களுக்குள் குடிக்க வேண்டும். ஆனால் அந்த மாத்திரை கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும், எந்த நோயையும் தடுக்காது. அதைக் குடித்துவிட்டோம், எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது கணக்கு: ஆறு கிழமை, மூன்று மாதம்

மறுநாளே ஓடிப்போய் இரத்தம் கொடுத்து, "ஒன்றுமில்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பதில் நேற்று நடந்ததைப் பற்றிச் சொல்லாது. அதற்கு முன்பு உடம்பு எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். விதை போட்ட அன்றே மண்ணைக் கிளறிப் பார்த்தால் முளை தெரியாது. அதுபோலத்தான் கிருமி உடம்புக்குள் போனாலும் பரிசோதனையில் தெரிவதற்குக் கொஞ்ச காலம் எடுக்கும்.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, கையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் இன்றைய பரிசோதனை ஆறு கிழமை கழிந்தால் அநேகமாகச் சரியான பதிலைத் தந்துவிடும். விரல் நுனியில் குத்திச் செய்யும் உடனடிப் பரிசோதனைக்கும், வாயிலிருந்து எடுக்கும் நீரில் செய்யும் சுயபரிசோதனைக்கும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். தடுப்பு மாத்திரை குடித்தவர்கள் அந்த 28 நாள் முடிந்த பிறகே நாளை எண்ணத் தொடங்க வேண்டும்.

ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குள் ஒரு தடவை, ஆறு கிழமையில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை கிளினிக்குக்குப் போக வேண்டும். மூன்று நாள் கடந்துவிட்டது என்பதற்காக மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் கடந்திருந்தாலும் போகலாம். போகாமலே இருப்பதை விட எப்போது போனாலும் நல்லதுதான்.

எயிட்ஸ் மட்டுந்தானா?

எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் எயிட்ஸைப் பற்றியே கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது, கொஞ்சம் குறைவும் இருக்கிறது.

கூடுதல் என்பது இது: எச்.ஐ.வி. உள்ள ஒருவரோடு ஆண் பெண் உறவு ஒரு தடவை நடந்தால் கிருமி தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது மருத்துவக் கணக்கு. ஆசனவாய் வழி உறவில் அது பல மடங்கு கூடும். உறுப்பில் புண் இருந்தாலும், வேறு பாலியல் நோய் இருந்தாலும் கூடும். ஒரே தடவையில் தொற்றியவர்களும் உண்டு. ஆகவே "ஒரு தடவைதானே" என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது, "என் வாழ்க்கை முடிந்தது" என்று விஷப் போத்தலைத் தேடவும் தேவையில்லை. கேட்டறியாத பயத்தில் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்: ஒரு இரத்தப் பரிசோதனையில் தீர்ந்துபோகிற பயமாக அது இருக்கலாம். முதலில் யாரிடமாவது பேசுங்கள்.

குறைவு என்பது இது: எயிட்ஸை மட்டும் நினைத்து, அதைவிட எளிதாகத் தொற்றும் நோய்களை மறந்துவிடுகிறோம். எங்கள் பாட்டன்மார் மேகநோய், கிரந்தி, வெட்டை என்று சொன்னவை இன்னும் நாட்டை விட்டுப் போகவில்லை.

சிபிலிஸ் நோயில் முதலில் ஒரு புண் வரும், பெரும்பாலும் மூன்று கிழமையளவில். அது வலிக்காது. வலிக்காததால் கவனிக்க மாட்டோம். சில கிழமையில் தானாக ஆறிவிடும். "ஆறிவிட்டது, பயமில்லை" என்று நினைப்போம். ஆறியது புண்தான், நோய் அல்ல. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதுவும் மறையலாம். பல வருடம் கழித்து இருதயத்தையும், மூளையையும், கண்ணையும் தாக்கலாம். இவ்வளவு பொல்லாத நோயை ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியால் குணப்படுத்திவிடலாம். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

கொனோரியா என்ற வெட்டை நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது எரியும், சீழ் வடியும். பெண்களுக்கு அப்படித் தெரியாமலே இருக்கலாம். கிளமிடியா என்ற இன்னொரு தொற்று ஆண், பெண் இருவருக்குமே பெரும்பாலும் அறிகுறி காட்டாது. கவனிக்காமல் விட்டால் பெண்களுக்கு அடிவயிற்று வலி வரும், பிள்ளைப்பேறு தடைப்படவும் கூடும். "பிள்ளை இல்லை" என்று மருமகளை ஏசும் வீடுகளில், காரணம் மகன் கொண்டுவந்த நோயாகவும் இருக்கலாம். வாய் வழி உறவில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சிபிலிஸும் கொனோரியாவும் அந்த வழியிலும் தொற்றும்.

ஆகவே ஆளின் முகத்தைப் பார்த்தோ, சுத்தத்தைப் பார்த்தோ, உடம்புக் கட்டைப் பார்த்தோ நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புள்ளிராஜா என்ற ஒரு கற்பனை ஆளை வைத்து ஊரெங்கும் விளம்பரம் செய்தார்கள். அவருக்கு எயிட்ஸ் வருமா என்று சுவர்கள் எல்லாம் கேட்டன. ஜனங்கள் சிரித்தார்கள், கேலி செய்தார்கள், ஆனாலும் அதைப் பற்றிப் பேசினார்கள். புள்ளிராஜா கெட்டவரல்ல, உங்களையும் எங்களையும் போல ஒரு சாதாரண ஆள் என்பதே அதன் கருத்து.

தானாக மருந்து வாங்காதீர்கள்

வெட்கத்தால் நடக்கும் இன்னொரு பிழை இது. கூட்டாளி சொன்னான் என்று பார்மசியில் நாலு கெப்சூல் வாங்கிக் குடிப்பது, தெரிந்தவரிடம் ஒரு ஊசி போட்டுக்கொள்வது, டெட்டோலும் எலுமிச்சம் புளியும் போட்டுக் கழுவுவது. டெட்டோல் தோலைப் புண்ணாக்கும், கிருமியைத் தடுக்காது. அரைகுறையாகக் குடித்த மருந்து அறிகுறியை மறைக்கும், நோயை உள்ளே விட்டுவைக்கும். கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்குப் பழகிப்போய் அடங்காமல் வருகிறது என்று உலகமெங்கும் டொக்டர்மார் எச்சரிக்கிறார்கள். அதற்கு இன்று எந்த மருந்து வேலை செய்யும் என்பது கிளினிக்குக்குத்தான் தெரியும்.

வெளிநாடு போவதற்காகச் செய்த மெடிக்கல் காகிதத்தை ஆதாரமாகக் காட்டுபவர்களும் உண்டு. மத்திய கிழக்குக்குப் போகிறவர்களிடம் எச்.ஐ.வி. பரிசோதனை எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் அது சாட்சி அல்ல.

எங்கே போவது? என்ன கேட்பார்கள்?

எங்கள் மாவட்டத்துக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். கண்டியிலும் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில், தேசிய வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கிறது. லீவுக்கு வீட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு கொழும்பே வசதி.

இந்தக் கிளினிக்குகளுக்குத் தோட்டத்து டொக்டரின் துண்டு தேவையில்லை. நேரே போகலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது அவர்களுடைய கடமை. எப்போது நடந்தது, ஆணுறை பாவித்தீர்களா, யாரோடு, எந்த வகை உறவு என்று கேட்பார்கள். குற்றம் பிடிக்க அல்ல, எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். ஆணோடு ஆண் உறவு என்றாலும் உண்மையைச் சொல்லுங்கள். அங்கே மருத்துவம்தான் நடக்கும், விசாரணை அல்ல. பொய் சொன்னால் செய்ய வேண்டிய பரிசோதனை விடுபட்டுப்போகும். "எச்.ஐ.வி.க்கு மட்டும் பாருங்கள்" என்று சொல்லாமல், எல்லாவற்றுக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவருக்கு யார் பதில் சொல்வது?

திருமணமானவர்களுக்கு இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்கள். இந்தச் சங்கம் அவர்களுடைய சந்தாவிலும் நடக்கிறது.

1986ஆம் ஆண்டு சென்னையில் டொக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த இரத்தத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. அது பாலியல் தொழில் செய்யும் பெண்களின் இரத்தம். உடனே எல்லோரும் அந்தப் பெண்களைப் பழித்தார்கள். சில வருடங்களில் நோய் வீடுகளுக்குள் வந்துவிட்டது. லொறிகளுக்குப் பேர்போன நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி என்ற பெண், லொறி ஓட்டுநரான கணவரிடமிருந்து நோய் தொற்றியவர். ஒரு குற்றமும் செய்யாதவர். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி ஊரறியப் பேசினார். 1998இல் அவரைப் போன்ற பெண்களோடு சேர்ந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனியாக அழுதுகொண்டிருந்த பெண்கள் சேர்ந்ததும் பலமானார்கள். சங்கம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வெளியே உறவு வைத்த கணவரோ மனைவியோ, பரிசோதனை முடிந்து பதில் வரும் வரை வீட்டில் உறவைத் தவிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணுறை பாவிக்க வேண்டும். நோய் இருப்பது தெரிந்தால் துணையையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் கிளினிக்கில் ஆலோசனை கேட்கலாம், அவர்கள் வழி காட்டுவார்கள். சொல்வது கஷ்டம்தான். சொல்லாமல் விட்டால் அதன் விலையை வீட்டில் இருப்பவர் கட்ட வேண்டி வரும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் கிளினிக்கில் இரத்தம் பார்க்கிறார்கள். அதை மறுக்காதீர்கள். இப்படி ஒழுங்காகப் பார்த்து மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோய்களும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு அத்தாட்சி கொடுத்தது. லயத்துக் கதவைத் தட்டி வந்து கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் குடும்பநல மாதுக்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. பரிசோதித்தால் தடுக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

பரிசோதனையில் நோய் இருக்கிறது என்று வந்தால்

எச்.ஐ.வி. இருக்கிறது என்று பதில் வந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து இலவசம். நாள் தவறாமல் குடித்தால் இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. வேலை செய்யலாம், கல்யாணம் செய்யலாம், நோய் இல்லாத பிள்ளையும் பெறலாம்.

நாட்டில் 2021ஆம் ஆண்டு 411 பேருக்கும், 2022ஆம் ஆண்டு 607 பேருக்கும் புதிதாக எச்.ஐ.வி. இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடியிருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு மருந்து உண்டு. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவர்களை நினைத்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அவர்கள் ஏன் போகவில்லை? வாய்களுக்குப் பயந்துதான். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, நடுவே ஒரு செங்கல் சுவர். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். பீலிக்கரையில் ஒருத்தி சொன்னால் பிரட்டுக்களம் வரை போய்விடும். 2016ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சிறுவனின் தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்ற வதந்தியை நம்பி, அந்தப் பிள்ளை வந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் பள்ளிக்கூடத்தைப் பகிஷ்கரித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நோயே இருக்கவில்லை. அவ்வருடம் ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வரை விடயம் போய், எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு என்று உறுதி செய்யப்பட்டது. ஒரு வதந்திக்கு உயர் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் எச்.ஐ.வி. வராது. ஒரே பீலியில் குளித்தால் வராது. ஒரே மலசலகூடத்துக்குப் போனால் வராது. நுளம்பு கடித்தால் வராது. பக்கத்தில் நிரையில் நின்று கொழுந்து எடுத்தால் வராது. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் வந்த பெண்ணைப் பற்றிக் கதை கட்டுபவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: அந்தக் கதை ஒரு பெண்ணின் பேரைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. அதைக் கேட்கும் பத்துப் பேர் பரிசோதனைக்குப் போவதையும் தடுக்கிறது.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

தொழிலாளியைப் போ போ என்று சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். மூன்று தடவை போவதென்றால் மூன்று நாள் சம்பளம். ஏன் லீவு என்று துரையும் கணக்கப்பிள்ளையும் கேட்பார்கள். சிங்களம் தெரியாதவர் அங்கே போய் இந்த விடயத்தை இன்னொருவரை வைத்து மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா? ஆகவே எங்கள் கோரிக்கைகளை இங்கே வைக்கிறோம்.

அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போன சீட்டைக் காட்டினால், எந்தக் கிளினிக், என்ன நோய் என்று கேட்காமல் அந்த நாளுக்கு லீவு கொடுக்க வேண்டும்.

நுவரெலியாக் கிளினிக்கில் தமிழ் பேசும் தாதியும் ஆலோசகரும் எந்நாளும் இருக்க வேண்டும். துண்டுப்பிரசுரங்களும் தமிழில் வேண்டும்.

தோட்டத்தில் பிரஷரும் சீனியும் பார்க்கும் மருத்துவ முகாம் நடத்தும்போது, விரும்புகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். எல்லோரும் நிற்கும் வரிசையில் யாரையும் பிரித்துக் காட்ட முடியாது.

மருந்துக்காம்பராவில் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஆணுறை வைக்க வேண்டும்.

எந்த நிர்வாகமும் வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்லக் கூடாது. சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டு நிறைவேற்றிய 200ஆம் இலக்கப் பரிந்துரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பரிசோதனை சொந்த விருப்பத்தில் நடக்க வேண்டும். தொழிலாளி தன் நிலையை வெளியிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. அப்படி யாருக்காவது நடந்தால் அது சங்கத்தின் வழக்கு.

நிர்வாகத்திடம் கேட்பதை முதலில் நாமே கடைப்பிடிக்க வேண்டும். தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிமாரே! இப்படி ஒரு காரியத்தோடு யாராவது உங்களிடம் வந்தால், கேட்டதை உங்கள் வீட்டில் கூடச் சொல்லாதீர்கள். புத்திமதி பிறகு சொல்லலாம். எத்தனை நாள் ஆனது என்று முதலில் கேளுங்கள். மூன்று நாளுக்குள் என்றால் அடுத்த பஸ்ஸில் அனுப்புங்கள். தனியாகப் போகப் பயப்பட்டால் கூடப் போங்கள்.

இந்தப் பத்திரிகையை வாசித்து முடித்ததும் மடித்து ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளை கொழும்புக்குத் திரும்பும்போது முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் பையில் வையுங்கள். வாயால் சொல்ல வெட்கமென்றால் இந்தக் காகிதம் சொல்லட்டும். ஒற்றுமையே பலம் என்று மே தினத்தில் கோஷம் போடுகிறோம். கிளினிக் வாசலில் தயங்கி நிற்கும் ஒரு தோழருக்கும் அந்த ஒற்றுமை கிடைக்க வேண்டும்.